காலைக் கடிக்கும் ஈயும் முதுகில் மொய்க்கும் ஈயும் ஒன்றுதானா?

கேள்வி:
எங்கள் தொழுவத்தில் இரண்டு கறவை மாடுகளும் ஓர் எருமையும் உள்ளன. மழை விட்டதிலிருந்து மாடுகள் ஓயாமல் காலை உதறுகின்றன. எருமையின் முதுகிலோ, வீட்டு ஈயில் பாதி அளவேயுள்ள ஈக்கள் நாள் முழுவதும் அப்பிக் கிடக்கின்றன. முதுகில் மருந்து தெளித்ததில் எருமைக்குத் தணிந்தது. மாடுகளுக்குக் குறையவே இல்லை. இந்தச் சின்ன ஈதான் வளர்ந்து, மாடுகளின் காலைக் கடிக்கும் பெரிய ஈயாகிறதா?

மறுமொழி 1:
இல்லை ஐயா. கூட்டுப்புழுக் கூட்டிலிருந்து வெளிவந்த ஈ அதற்குமேல் வளர்வதில்லை. காலைக் கடிப்பது தொழுவ ஈ எனப்படும் ஸ்டோமாக்ஸிஸ் கால்சிட்ரான்ஸ். முதுகில் இருப்பது எருமை ஈ எனப்படும் ஹீமடோபியா எக்ஸிகுவாவாக இருக்க வேண்டும். இரண்டுமே வீட்டு ஈயின் குடும்பம்தான். கொசுவில் பெண் மட்டுமே கடிக்கும். இவற்றில் ஆணும் பெண்ணும் இரத்தம் குடிக்கும். அருகில் சென்று பாருங்கள்: காலில் உள்ள ஈ தலையை மேல்நோக்கி வைத்திருக்கும், ஊசி போன்ற வாய் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். எருமை ஈ பெரும்பாலும் தலைகீழாகவே உட்காரும்.

மறுமொழி 2:
மருந்து ஒன்றுக்குப் பலித்து மற்றதற்குப் பலிக்காததன் காரணம் அந்த ஈக்களின் வாழ்முறையில் இருக்கிறது. எருமை ஈ இரவும் பகலும் விலங்கின் மேலேயே தங்கி, ஒரு நாளில் 20 முறைக்கு மேல் இரத்தம் உறிஞ்சும். பெண் ஈ முட்டையிட மட்டும், அப்போதுதான் விழுந்த சாணத்துக்கு இறங்கிவிட்டுத் திரும்பும். ஆகவே உடலில் தெளித்த மருந்து அதை எப்படியும் எட்டிவிடும். காலைக் கடிக்கும் ஈயோ நாளுக்கு ஓரிரு முறை, சில நிமிடங்கள் மட்டும் காலில் குடித்துவிட்டுச் சுவரிலோ வேலியிலோ போய் அமர்ந்து செரிக்கும். மருந்துபட்ட முதுகுக்கு அது வருவதே அரிது. மூத்திரமும் சாணமும் கலந்து மக்கிய வைக்கோல், சிந்திய தீவனம் ஆகியவற்றில்தான் அதன் புழுக்கள் வளர்கின்றன. அவற்றை வாரந்தோறும் அள்ளி, மெல்லியதாகப் பரப்பி வெயிலில் காயவிடுவதே முதல் மருந்து.

மறுமொழி 3:
எருமை ஈக்கும் சாணத்தைக் கவனிக்க வேண்டும். கங்காருப் புழுக்கைக்குப் பழகிய ஆஸ்திரேலியச் சாணிவண்டுகளால் மாட்டுச் சாணத்தைப் புதைத்து அகற்ற முடியாமல் அங்கே இந்த ஈ பெருகியதால், 1960-களில் ஜார்ஜ் போர்னமிஸ்ஸா என்ற அறிவியலாளர் வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவந்து விடும் பணியைத் தொடங்கினார். ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தை ஊசியாகப் போட்ட மாட்டின் சாணம் சாணிவண்டுகளின் புழுக்களைக் கொல்லக்கூடும் என்பதால், தேவையின்றி அதைப் போட வேண்டாமென மன்றாடிக் கேட்கிறேன்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இன்று காலை தீவனத் தொட்டிக்குப் பின்னால் நனைந்து கிடந்த வைக்கோலைக் கிளறினேன். அடியில் வெளிர்மஞ்சள் புழுக்கள் கொத்தாக நெளிந்தன. நான்கு கூடை அள்ளி வெயிலில் பரப்பியிருக்கிறேன்.