கோழிக்கோடு 2020: கட்டுப்பாட்டைக் கைக்கு எடுக்காதது முதல் அதிகாரியின் தவறா?

(இணைய மன்ற விவாதம்; பேசுபவர்கள் புனைபெயர்களில்.)

வால்காற்று:
2020 ஆகஸ்ட் 7 இரவு, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344 கோழிக்கோட்டில் ரன்வேயைத் தாண்டி விழுந்தது. இருந்தவர்கள் 190 பேர், இறந்தவர்கள் 21 பேர். பைலட்கள் இருவரும் அதில் அடக்கம். விசாரணை அறிக்கை சாத்தியமான காரணமாக இரண்டைச் சேர்த்தே எழுதியிருக்கிறது. நிலைப்படாத அப்ரோச்சை (வேகமும் இறங்கு வேகமும் வரம்புக்குள் அடங்காத இறங்குமுகத்தை) கைவிடாமல் கேப்டன் பாதி ரன்வே தாண்டி இறக்கினார் என்பது ஒன்று. கோ-அரவுண்ட் (இறங்காமல் மீண்டும் மேலே ஏறு) என்று சொன்ன முதல் அதிகாரி, அதாவது துணை பைலட், தானே கட்டுப்பாட்டை எடுத்து விமானத்தை மேலே ஏற்றவில்லை என்பது இன்னொன்று. இரண்டாவதை எழுதியது அநியாயம் என்று இங்கே சிலர் சொல்லி வருகிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது.

கணக்கைப் பாருங்கள். ரன்வே 8858 அடி, சக்கரம் தொட்டது 4438 அடியில். சக்கரம் தொட வேண்டிய டச்டவுன் ஸோன் என்பது முதல் 3000 அடி அல்லது ரன்வேயின் மூன்றில் ஒரு பங்கு, எது குறைவோ அது. இங்கே ஏறக்குறைய 2950 அடி. தரைவேகம் 165 நாட், அதாவது நொடிக்கு 278 அடி. எல்லையைத் தாண்டிய பிறகும் ஐந்து நொடிக்கு மேல் விமானம் மிதந்திருக்கிறது. கோ-அரவுண்ட் என்ற சொல்லுக்குக் கேப்டன் அசையவில்லை என்றால் அடுத்தது கைதான். ‘ஐ ஹேவ் கண்ட்ரோல்’ என்று சொல்லி த்ரஸ்டை (இன்ஜின் விசையை) முழுக்கத் தள்ளி, மூக்கை 15 டிகிரிக்கு உயர்த்தி, இறக்கை மடிப்பான ஃப்ளாப்பை 15க்குக் கொண்டுவந்து, ஏறுவது உறுதியானதும் சக்கரத்தை மடக்குவது. ஒவ்வொரு பைலட்டும் சிமுலேட்டரில் செய்து பழகியதுதானே?

மேகமூட்டம்:
சார், நீங்க சொல்ற வரிசை சரி. ஆனா 20 அடிக்குக் கீழே, ராத்திரியில, மழையில, கேப்டன் கை த்ரஸ்ட் லிவர் மேல இருக்கும்போது அதைச் செய்யச் சொல்றீங்க. இந்த போயிங் 737ல ரெண்டு பக்கக் கண்ட்ரோலும் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சது. ஒருத்தர் இறக்கப் பார்க்க, இன்னொருத்தர் இழுத்தா இழுபறிதான் மிஞ்சும். அதைவிடப் பெரிய ஆபத்து ரிவர்சர், அதாவது இன்ஜின் விசையை முன்பக்கமாத் திருப்பி வேகத்தைக் குறைக்கிறது. அதைத் திறந்துட்டா கோ-அரவுண்ட் கிடையாது, நிறுத்தியே ஆகணும்னு போயிங் தெளிவாச் சொல்லுது. இவர் த்ரஸ்டைத் தள்ளப்போற அதே நொடியில சக்கரம் பட்டு அவர் ரிவர்சரை இழுத்துட்டா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க.

கோ-அரவுண்ட் சொல்லச் சரியான இடம் 500 அடி உயரம். ஆட்டோபைலட்டை எடுத்த பிறகு இறங்கு வேகம் நிமிடத்துக்கு 1500 அடி வரை போச்சு. நிலைப்பட்ட அப்ரோச்சுக்கு வரம்பு 1000. மேகத்துல 1000 அடியிலேயும், தரை தெளிவாத் தெரிஞ்சா 500 அடியிலேயும் எல்லாம் நிலைக்கு வந்திருக்கணும். முதல் அதிகாரி இறங்கு வேகத்தைப் பத்தி எச்சரிச்சார், உண்மை. ஆனா எண்ணைச் சுட்டிக் காட்டினா கேப்டன் எண்ணைத் திருத்துவார், அப்ரோச் தொடரும். அங்கேயே ‘அன்ஸ்டேபிள், கோ-அரவுண்ட்’னு முழுக் கட்டளையா வந்திருக்கணும். அதுக்கப்புறம் ரன்வே மேல மிதக்கும்போதும் முதல்ல வந்தது வழக்கத்துல இல்லாத பொதுப்படையான சொல்தான். கோ-அரவுண்ட் கடைசியாத்தான் வந்தது. நான் குறை சொல்றது அந்த வார்த்தைத் தேர்வை. கையை நீட்டாததை இல்லை.

கோபுரவாசி:
இரண்டு பேரும் கடைசி நிமிடத்திலேயே நிற்கிறீர்கள். விதை அதற்கு முன்பே விழுந்துவிட்டது. முதல் முயற்சி ரன்வே 28ல் (ஒரே ஓடுபாதையின் ஒரு திசை 28, எதிர்த்திசை 10), எதிர்க்காற்றில். கேப்டன் பக்கத்து வைப்பர் நின்றுபோக, மேலே ஏறினார்கள். அந்த இடைவெளியில் புறப்படக் காத்திருந்த இன்னொரு விமானம் ரன்வே 10 கேட்டது. கட்டுப்பாட்டுக் கோபுரம் அவசரமாக ரன்வேயை மாற்றி, இவர்களுக்கும் 10ஐக் கொடுத்தது. ஈர ரன்வேயில் வால்காற்றோடு (பின்னாலிருந்து தள்ளும் காற்றோடு) இறங்குகிறவருக்கு அது என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை, எச்சரிக்கவும் இல்லை. அறிக்கையே இதைக் குறையாகச் சொல்கிறது.

கோபுரம் கொடுத்த காற்று 250 டிகிரி திசையிலிருந்து 8 நாட். ரன்வே 10க்கு அதைப் பிரித்தால் வால்காற்று சுமார் 7 நாட்தான். ஏற்றுக்கொள்ளலாம் என்று யாருக்கும் தோன்றும். சக்கரம் தொட்டபோது உண்மையில் இருந்தது 14 நாட். அதே காற்றில் 28ல் இறங்கியிருந்தால் தரைவேகம் 165க்குப் பதில் 137 நாட் ஆகியிருக்கும். நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கம் என்பதால் 165க்கும் 137க்கும் நடுவே 45 சதவீத வித்தியாசம். பிரேக்குக்கு இதெல்லாம் தெரியாது, வெப்பமாகத்தான் தெரியும்.

வால்காற்று:
கோபுரத்தின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் கொடுத்த ரன்வேயை ஏற்பதா வேண்டாமா என்பது காக்பிட்டின் முடிவு. ஈர ரன்வே, வால்காற்று, 2000 மீட்டர் பார்வைத்தூரம், சற்று முன்புதான் சண்டித்தனம் செய்த வைப்பர். இத்தனை இருக்க, வால்காற்றுக்கான லேண்டிங் தூரத்தைக் கணக்கிடாமலே 10ஐ எடுத்தார்கள். எரிபொருள் போதுமான அளவு இருந்தது. கொச்சியும் கோவையும் நூறு மைல் வட்டத்துக்குள்.

மேகமூட்டம், 20 அடியில் கை நீட்டுவது ஆபத்து என்கிறீர்கள். மங்களூரை நினைத்துப் பாருங்கள். 2010 மே 22, இதே நிறுவனம், இதே ரக விமானம். முதல் அதிகாரி மூன்று முறை கோ-அரவுண்ட் சொன்னார். கேப்டன் கேட்கவில்லை, இவரும் எடுக்கவில்லை. 8033 அடி ரன்வேயில் 5200 அடியில் இறங்கினார்கள், 158 பேர் போனார்கள். அங்கே வானிலையும் மோசமில்லை, நேரமும் இருந்தது. ‘சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது’ என்ற பழக்கம் குன்றின் உச்சியில், முடிவில் பள்ளத்தோடு இருக்கும் இரண்டு டேபிள்டாப் ரன்வேயில் உயிர்களை வாங்கிவிட்டது. அதை அறிக்கையில் எழுதாமல் விட்டால் மூன்றாவதும் வரும்.

மேகமூட்டம்:
மங்களூர்ல நீங்க சொல்றது முழுக்கச் சரி. அங்கே முதல் எச்சரிக்கைக்கும் தரைக்கும் நடுவுல நிறைய உயரம் இருந்தது, எடுத்திருக்கலாம். கோழிக்கோட்டுல அப்படி இல்லை.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வருதுன்னும் பார்க்கணும். கோழிக்கோடு தளத்துல அன்னைக்கு நியமிக்கப்பட்டிருந்தவங்க 26 முதல் அதிகாரிகள், ஒரே ஒரு கேப்டன். மறுநாள் காலை விமானத்தை ஓட்ட அன்னிக்கு ராத்திரியே கோழிக்கோட்டுல இறங்கியாகணும்ங்கிற எண்ணம் கேப்டன் மனசுல இருந்ததா அறிக்கை சொல்லுது. நிறுவனத்தோட ஆள் நியமனக் கொள்கையையும் குறை சொல்லுது. கோவைக்குத் திருப்பியிருந்தா காலையில அந்த விமானத்துக்குக் கேப்டன் எங்கே? இந்தக் கேள்வியோட பறக்கிறவரைப் பார்த்து, பக்கத்து இருக்கையில இருக்கிற ஜூனியர் ‘கோவைக்குப் போகலாம் சார்’னு சொல்றது லேசு இல்லை. ஆனா அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நேரம் இருந்தது. 28லேர்ந்து ஏறின பிறகு பல நிமிஷம் வானத்துல இருந்தாங்க.

கோபுரவாசி:
ரன்வே முடிவில் எமாஸ் என்ற நொறுங்கும் கான்கிரீட் படுக்கை இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று மேலே வேறொரு இழையில் எழுதியிருந்தார்கள். அது வழக்கமாக 70 நாட் வேகத்துக்கு வடிவமைப்பது. இவர்கள் ரன்வேயை விட்டது 84.5 நாட்டில். முழுதாக நின்றிருக்காது. ஆனாலும் வேகம் பெரிதும் குறைந்திருக்கும். விமானம் 110 அடி பள்ளத்தில் விழுந்து, சுற்றுச்சாலையில் 41 நாட்டில் மோதியது. அந்த 41ல் குறையும் ஒவ்வொரு நாட்டும் உயிர்தான்.

வால்காற்று:
எமாஸ் வேண்டும், ஆட்சேபணை இல்லை.

பயிற்சிக்கு வருகிறேன். நிலைப்படாத அப்ரோச்களில் நூற்றுக்கு மூன்றுதான் கோ-அரவுண்டில் முடிகின்றன என்று ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் சொல்கிறது. அப்படியானால் கோ-அரவுண்ட் என்ற சொல்லைக் கேட்டதும் ஏற்றுகிற கேப்டனோடு சிமுலேட்டரில் பழகி என்ன பயன்? பதில் சொல்லாத, கையை எடுக்காத கேப்டனோடு பழக்க வேண்டும். 500 அடியில் ஒன்று, ரன்வே விளிம்பில் 50 அடியில் ஒன்று, சக்கரம் தொடும் முன் மூக்கை உயர்த்தும் ஃப்ளேரில் ஒன்று.

மேகமூட்டம்:
முதல் ரெண்டுக்கும் நான் கையெழுத்துப் போடறேன். ஃப்ளேர்ல வேண்டாம். அங்கே முதல் அதிகாரிக்குப் பழக்க வேண்டியது வேற: சக்கரம் தொட்டாச்சுன்னா ஸ்பீட்பிரேக் (இறக்கை மேல எழும்புற தகடுகள்) மேல வந்துச்சா, ரிவர்சர் ரெண்டும் திறந்துச்சா, பிரேக் முழுசா அழுந்துதா, வேகம் உண்மையிலேயே இறங்குதான்னு பார்த்துச் சத்தமாச் சொல்றது. மிச்சம் 4420 அடி இருந்தது. அதுல ஒவ்வொரு அடிக்கும் மதிப்பு இருக்கு.

வால்காற்று:
அந்த 4420 அடிக்குள் ஈரத்தில், 165 நாட்டில் வந்த 737ஐ நிறுத்த எவ்வளவு தூரம் வேண்டும் என்று ஆட்டோபிரேக் (தானாக அழுந்தும் பிரேக்) அமைப்புவாரியாகக் கணக்குப் போட்டு நாளை இங்கே பதிகிறேன். அதைப் பார்த்த பிறகும் ஃப்ளேரில் எடுக்கக் கூடாது என்பீர்களா என்று பேசலாம்.