எஸ்சிடலோபிராம் நிறுத்திய பின் தலைக்குள் அதிர்வு, தள்ளாட்டம், காரணமற்ற அழுகை: நோய் திரும்பிவிட்டதா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் ஆசிரியை. என் தந்தை மறைந்த பின் ஏற்பட்ட கடுமையான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராம் மாத்திரையை இரவில் ஒன்று வீதம் எடுத்து வந்தேன். அண்மைக் காலத்தில் உறக்கம், பசி, வேலையில் ஈடுபாடு எல்லாமே பழைய நிலைக்குத் திரும்பியிருந்தன. பணியிட மாற்றத்தால் வேறு ஊருக்கு வந்துவிட்டதால், இங்குள்ள பொது மருத்துவர் ஒருவரிடம் மருந்தை நிறுத்துவது பற்றிக் கேட்டேன். இரண்டு வாரம் அரை மாத்திரையாக எடுத்துவிட்டு நிறுத்திவிடலாம் என்றார், அப்படியே செய்தேன்.

நிறுத்திய சில நாட்களிலேயே தொல்லைகள் தொடங்கின. கண்ணைச் சட்டென்று ஒரு பக்கம் திருப்பினால் தலைக்குள் சுரீரென்று ஷாக் அடிப்பது போன்ற அதிர்வு வந்து மறைகிறது. நடக்கும்போது தள்ளாட்டம், குமட்டல், விடியற்காலையில் வியர்த்து விழித்தல், நினைவை விட்டு நீங்காத கெட்ட கனவுகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. வகுப்பில் ஒரு மாணவி வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று சொன்னதற்கு எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நோய் திரும்பிவிட்டது, இனி வாழ்நாள் முழுவதும் மாத்திரைதான் என்று என் கணவர் அஞ்சுகிறார். மாத்திரைக்கு அடிமையாகிவிட்டாள் என்று மாமியார் வருந்துகிறார். இது நோயா, மருந்தை விட்டதன் விளைவா? எத்தனை நாள் நீடிக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கலாமா?

பதில்: மருந்தாளுநர் ஒருவர்

சகோதரிக்கு வணக்கம். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன், பழைய மாத்திரை அட்டை கைவசம் இருந்தால் அதன் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் மருந்துகளின் பெயர்களைப் படித்துப் பாருங்கள். நம் நாட்டில் எஸ்சிடலோபிராம் தனி மாத்திரையாகவும் கிடைக்கிறது, குளோனாசெபாம் 0.5 மில்லிகிராம் சேர்த்த கூட்டு மாத்திரையாகவும் ஏராளமாக விற்பனையாகிறது. வணிகப் பெயரில் இரண்டுக்கும் ஓரிரு எழுத்துகளோ 'பிளஸ்' என்ற சொல்லோ மட்டுமே வேறுபாடாக இருப்பதால், ஆண்டுக்கணக்கில் கூட்டு மாத்திரை எடுத்தவர்கள்கூடத் தாம் ஒரே மருந்தை எடுப்பதாகவே எண்ணியிருப்பதைக் கடையில் பலமுறை பார்த்திருக்கிறேன். குளோனாசெபாம் பதற்றத்தைத் தணிக்கத் தரப்படும், முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்த மருந்து. அதை நிறுத்தும் முறையும் வேறு, அதில் உள்ள ஆபத்தும் வேறு.

கேள்வி கேட்டவர்

ஐயா, மிக்க நன்றி. அட்டையை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே எஸ்சிடலோபிராம் 10, குளோனாசெபாம் 0.5 என்று இரண்டும் அச்சிடப்பட்டுள்ளன. இத்தனை காலமும் இது எனக்குத் தெரியாது. இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: மனநல மருத்துவர் ஒருவர்

வணக்கம் அம்மா. உங்களை நேரில் பார்க்காமல் மருந்தின் அளவை எழுத முடியாது. ஆனால் இன்றோ நாளையோ நீங்கள் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதை உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் உடலிலிருந்து இரண்டு மருந்துகள் ஒரே நேரத்தில் விலகியிருக்கின்றன. குளோனாசெபாம் போன்ற மருந்துகளை நீண்டகாலம் எடுத்துவிட்டு விரைவாக விட்டால், நடுக்கமும் உறக்கமின்மையும் மட்டுமல்லாமல், சிலருக்கு வலிப்பும் வரக்கூடும். உங்களுடைய அளவு சிறியது, முதலில் பாதியாகக் குறைக்கவும் செய்திருக்கிறீர்கள் என்பதால் அந்த வாய்ப்பு குறைவே; ஆனாலும் பொறுத்துப் பார்க்கலாம் என்று விட்டுவிடக் கூடிய விஷயம் அன்று. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். மாத்திரை அட்டையையும் பழைய மருந்துச் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை நீங்களாகவே மீண்டும் தொடங்க வேண்டாம். எந்த மருந்தை எந்த அளவில் திரும்பத் தருவது என்பதை அங்கு முடிவு செய்வார்கள்.

இனி, இது நோயா என்ற கேள்வி. உங்கள் கணவரின் அச்சம் இயல்பானது. இந்தக் குழப்பத்தால் தேவையில்லாமல் மீண்டும் பல ஆண்டுகள் மருந்தில் தங்கிவிடுபவர்களும் உண்டு. பிரித்தறியச் சில அடையாளங்கள் இருக்கின்றன. மருந்து நிறுத்தியதால் வரும் அறிகுறிகள் பெரும்பாலும் சில நாட்களுக்குள் தலைகாட்டும். மனச்சோர்வு திரும்பினால் அது வாரங்கள், மாதங்கள் கடந்து மெல்ல மெல்லப் படியும். தலைக்குள் ஷாக் அடிப்பது, தள்ளாட்டம், குமட்டல், வியர்வை ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகளே அல்ல. அவை முதல் முறை நோய் வந்தபோது உங்களுக்கு இருந்தனவா என்று எண்ணிப் பாருங்கள். மருந்தைத் திரும்பத் தந்தால் விலகல் அறிகுறிகள் ஓரிரு நாட்களில் தணியத் தொடங்கும்; நோயாக இருந்தால் தணிய வாரக்கணக்கில் ஆகும். காரணமற்ற அழுகையும் எரிச்சலும் மட்டும் இரண்டுக்கும் பொதுவானவை. அதனால்தான் அவற்றைத் தனியே வைத்து எடை போடாமல், உடன் வரும் உடல் அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கிறோம்.

பாதி மாத்திரை, பிறகு முழு நிறுத்தம் என்ற முறை கணக்குக்குச் சரியாகத் தோன்றினாலும் மூளையில் நடப்பது அப்படியில்லை. மனநிலையோடு தொடர்புடைய செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளை மீள உறிஞ்சும் புரதங்களில் எத்தனை விழுக்காட்டை மருந்து பிடித்து வைத்திருக்கிறது என்பதை மூளைப் படங்களின் வழியே அளந்திருக்கிறார்கள். மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் ஆகிய இருவரும் 2019இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் எழுதிய கட்டுரை இந்த அளவீடுகளை அடிப்படையாகக் கொண்டது. எஸ்சிடலோபிராமுக்கு மிக நெருங்கிய மருந்தான சிடலோபிராமை 20 மில்லிகிராம் எடுக்கும்போது ஏறத்தாழ 80 விழுக்காடு பிடிபட்டிருக்கிறது. 9 மில்லிகிராமுக்கு வந்தாலும் 70 விழுக்காடு இருக்கிறது. 5 மில்லிகிராமையொட்டி 60 விழுக்காடு. 2 மில்லிகிராமைச் சற்றே கடந்த அளவில்கூட 40 விழுக்காடு. எஸ்சிடலோபிராம் ஏறத்தாழ இருமடங்கு வீரியமுள்ளது என்பதால் இந்த அளவுகளைப் பாதியாக்கிக் கொள்ளலாம். அதாவது, நீங்கள் 10இலிருந்து 5க்கு இறங்கியபோது மூளை இழந்தது கொஞ்சம்தான். 5இலிருந்து ஒன்றுமில்லாத நிலைக்கு வந்தபோதுதான் சுமார் 70 விழுக்காட்டிலிருந்து ஒரே பாய்ச்சலில் அடிமட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். அளவு குறையக் குறைய ஒவ்வொரு படியும் முந்தையதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னதன் பொருள் இதுதான். பிரிட்டனின் மனநல மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2020இல் நோயாளிகளுக்கு வெளியிட்ட கையேடும், சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் அந்நாட்டின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த முறையையே ஒட்டியவை. அதற்கு முன் எங்கள் துறையில் பலரும் 'ஓரிரு வாரத்தில் சரியாகிவிடும்' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

எல்லோருக்கும் இப்படி வரும் என்று எண்ண வேண்டாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2024இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், மருந்தை நிறுத்தியவர்களில் 31 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் வந்தன. ஒப்பீட்டுக்காகத் தரப்பட்ட, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலேயே 17 விழுக்காட்டினருக்கு வந்தன. ஆகவே மருந்தின் பொருட்டே வருவது ஆறேழு பேரில் ஒருவருக்கு என்றும், கடுமையாக வருவது 35 பேரில் ஒருவருக்கு என்றும் கணக்கிட்டார்கள். ஆனால் அதில் சேர்க்கப்பட்ட ஆய்வுகளில் பல, சில மாதங்கள் மட்டுமே மருந்து எடுத்தவர்களைப் பற்றியவை. மூன்றாண்டு எடுத்த ஒருவருக்கு அந்த எண்ணைச் சொல்லி ஆறுதல் கூறுவது சரியில்லை என்பது என் கருத்து.

அடிமையாகிவிட்டதாக உங்கள் மாமியார் வருந்துகிறார் என்று எழுதியிருந்தீர்கள். போதைக்காக ஏங்குவதும், அளவைக் கூட்டிக்கொண்டே போவதும் எஸ்சிடலோபிராமில் இல்லை. நீண்டகாலம் இருந்த ஒன்றுக்கு மூளை தன்னைப் பழக்கிக்கொண்டது. அது இல்லாமல் பழக அதற்குக் காலம் வேண்டும். அவரிடம் நீங்கள் இதைச் சொல்லலாம். குளோனாசெபாம் மட்டும் பழக்கமாகிவிடக் கூடியது; அதனால்தான் அதை முதலில் கவனிக்கச் சொல்கிறேன்.

பதில்: இந்த நிலையைக் கடந்து வந்த ஒருவர்

வணக்கம் அம்மா. நான் வென்லாஃபாக்ஸின் என்ற வேறொரு மனச்சோர்வு மருந்தை எடுத்தவன். அந்த மருந்து சுமார் ஐந்து மணி நேரத்திலும், உடலில் அது மாறி உருவாகும் பொருள் சுமார் பதினொரு மணி நேரத்திலும் பாதியாகக் குறைந்துவிடும் என்று என் மருத்துவர் விளக்கினார். காலை மாத்திரை சற்றுத் தாமதமானாலே மாலைக்குள் எனக்குத் தலைக்குள் அந்த அதிர்வு வந்துவிடும். 150, 75, 37.5 என்று இறங்கியது எளிதாகவே இருந்தது. 37.5ஐ விட்டபோதுதான் படுத்துவிட்டேன். அலுவலகத்தில் உடன் வேலை செய்தவர்கள் காய்ச்சல் என்று நினைத்தார்கள். நானும் அதை மறுக்கவில்லை.

என் மருத்துவர் அந்தக் கட்டத்தில் ஃபுளூவாக்ஸிட்டின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்துக்கு மாற்றினார். அது உடலை விட்டு நீங்க வாரக்கணக்கில் ஆவதால் தானாகவே மெல்லக் குறையும் என்றார்; அதை நிறுத்துவது எனக்கு ஒப்பளவில் எளிதாக இருந்தது. இது எல்லோருக்கும் ஒத்துவருமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உறவினர் ஒருவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை எடுக்கச் சொன்னார். அதை மட்டும் செய்யாதீர்கள். ஒரு நாள் இருந்து மறுநாள் இல்லாமல் போவதால் உடல் தினமும் ஏற்ற இறக்கத்தைச் சந்திக்கும். குறைந்த அளவாக இருந்தாலும் அன்றாடம் ஒரே நேரத்தில் எடுப்பதே நல்லது.

அந்த நாட்களைக் கடக்க எனக்கு உதவியவை எளிய காரியங்கள். படுக்கையிலிருந்து மெல்ல எழுந்தேன். தலையைச் சட்டென்று திருப்புவதைத் தவிர்த்தேன். குமட்டலால் சோற்றைக் கண்டாலே ஒதுக்கத் தோன்றிய வேளைகளில் கஞ்சியும் மோரும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். பிற்பகலுக்குப் பின் காபியை விட்டேன். மதுவைத் தொடவில்லை. ஒரு நோட்டில் தினமும் உறக்கம், தலைசுற்றல், மனநிலை ஆகியவற்றை ஒரு வரியில் குறித்து வைத்தேன். மருத்துவர் என்னை நம்புவதற்கும், அதைவிட முக்கியமாக நான் தேறி வருகிறேன் என்பதை நானே நம்புவதற்கும் அந்த நோட்டு பெரிதும் துணை செய்தது. அறிகுறிகள் நேர்கோட்டில் குறையவில்லை. நான்கைந்து நாள் நன்றாக இருந்துவிட்டு மீண்டும் ஒரு மோசமான நாள் வரும். அன்றைக்கு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று தோன்றும், அப்படி ஆகவில்லை. மனைவியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன்: நான் எரிந்து விழுந்தால் அது உன்மேல் உள்ள கோபம் அன்று, சற்று நேரம் என்னைத் தனியே விட்டுவிடு என்று. உங்கள் கணவரையும் மருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் காதால் கேட்டால் வீட்டில் பாதிச் சுமை குறையும்.

கேள்வி கேட்டவர்

உங்கள் மூவருக்கும் நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நாளை காலை அரசு மருத்துவமனைக்குச் செல்கிறோம், கணவரும் வருகிறார். மருத்துவர் ஐயாவிடம் இரண்டு சந்தேகங்கள். நான் பள்ளிக்கு ஸ்கூட்டரில் செல்பவள், ஓட்டலாமா? எல்லாம் சரியானபின் மீண்டும் நிறுத்த முயலலாமா, அல்லது தொடர்ந்து எடுப்பதே எனக்குப் பாதுகாப்பா?

பதில்: மனநல மருத்துவர்

தள்ளாட்டமும் தலைக்குள் அதிர்வும் இருக்கும்வரை ஸ்கூட்டர் வேண்டாம். குளோனாசெபாம் பற்றி முடிவாகும்வரை மாடிப்படிகளிலும் குளியலறையிலும் கவனமாக இருங்கள். நாளை மருத்துவமனைக்குக் கணவரோ வேறொருவரோ ஓட்டட்டும்.

இரண்டாவது கேள்விக்கு ஒரே விடை இல்லை. பிரிட்டனில் நீண்டகாலம் மருந்து எடுத்து நலமாக இருந்த 478 பேரிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. ஓராண்டுக்குள் நோய் திரும்பியது, மருந்தைத் தொடர்ந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கும், நிறுத்தியவர்களில் 56 விழுக்காட்டினருக்கும். தொடர்வதில் பயன் இருக்கிறது என்பதும், நிறுத்திய பின்னும் பத்தில் நான்கு பேருக்கு மேல் நலமாகவே இருந்தார்கள் என்பதும் அதிலேயே உள்ளன. உங்களுக்கு வந்தது முதல் முறை. அதற்கு வெளிப்படையான காரணம் இருந்தது. நீண்ட காலம் நலமாக இருந்திருக்கிறீர்கள். இவை மூன்றும் நிறுத்துவதற்குச் சாதகமானவை. ஆனால் இப்போது முதல் வேலை உடலை நிலைப்படுத்துவது. பிறகு இரண்டு மருந்துகளையும் ஒன்றன்பின் ஒன்றாக, மாதக்கணக்கில் காலம் எடுத்துக் குறைக்கலாம். நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்கும் எஸ்சிடலோபிராமின் மிகக் குறைந்த அளவு 5 மில்லிகிராம் என்பதால், கடைசிப் படிகளுக்கு அதை அரையாகவும் காலாகவும் வெட்ட வேண்டியிருக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் மாத்திரை வெட்டியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளித் தேர்வுக் காலத்தில் தொடங்க வேண்டாம், கோடை விடுமுறையின் தொடக்கம் பொருத்தமானது.

இடையில் எப்போதாவது வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால், அது மருந்தினாலா நோயினாலா என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் உடனே கணவரிடம் சொல்லுங்கள். அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416 இரவு பகலாக இயங்குகிறது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். நாளை மருத்துவமனையில் என்ன சொன்னார்கள் என்பதை முடிந்தால் இங்கே எழுதுங்கள்.