கேமரா படங்களோடு ஸ்கிரீன்ஷாட்டும் சேர்ந்து கிளவுடுக்குப் போகாமல் பிரிப்பது எப்படி?

வெண்தாழை:

வணக்கம். சாம்சங் ஆண்ட்ராய்டு போன், கூகுள் போட்டோஸில் பேக்கப் ஓடுகிறது. கேமரா படங்களுக்கு நடுவே ஓடிபி, க்யூஆர் கோடு, டிக்கெட், சாட் பக்கம் என்று ஸ்கிரீன்ஷாட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. இலவச 15 ஜிபியில் 13 தாண்டியாகிவிட்டது.

தேவை மூன்று:

1. இனி எடுக்கும் ஸ்கிரீன்ஷாட் கேமரா படங்களோடு மேலே ஏறக் கூடாது.
2. ஏற்கெனவே ஏறிய நாலாயிரம் சொச்சத்தைக் கிளவுடிலிருந்து கழிக்க வேண்டும். ஆனால் போனில் இருப்பது போகக் கூடாது.
3. ரசீது, முன்பதிவு மாதிரி ஒரு சிலது மட்டும் வேறொரு இடத்தில் பத்திரமாக இருக்க வேண்டும்.

ஸ்கிரீன்ஷாட்ஸ் என்று ஆல்பம் போட்டுப் பார்த்தாயிற்று. படங்கள் ஆல்பத்திலும் இருக்கின்றன, முதல் பக்கத்திலும் அப்படியே இருக்கின்றன. வீட்டில் இன்னொரு போன் ஐபோன். அதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

பழையஃப்ளாப்பி:

ஆல்பம் போட்டால் பிரியாது. கூகுள் போட்டோஸில் ஆல்பம் என்பது படத்தின் மேல் ஒட்டும் சீட்டு மாதிரி. படம் இருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான், அது தேதி வரிசையில் ஓடும் அந்தப் பெரிய பட்டியல். ஆகவே பிரிக்கிற வேலையை ஏறுவதற்கு முன்னாலேயே, போனில் ஃபோல்டர் அளவில் செய்துவிட வேண்டும்.

ஆண்ட்ராய்டில் இது சுலபம். கேமரா படங்கள் டிசிஐஎம் ஃபோல்டருக்குள் கேமரா என்ற உள் ஃபோல்டரில் விழும். ஸ்கிரீன்ஷாட் சில போன்களில் பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள்ளும், சாம்சங் போன்றவற்றில் டிசிஐஎம்முக்குள்ளேயே கேமராவுக்குப் பக்கத்திலும் தனி ஃபோல்டராக இருக்கும். எங்கே இருந்தாலும் ஃபோல்டர் வேறு வேறு என்பதால் தனித்தனியாக நிறுத்தலாம்.

போட்டோஸ் ஆப்பில் வலது மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, போட்டோஸ் செட்டிங்ஸ், பேக்கப், அதற்குள் டிவைஸ் ஃபோல்டர்கள் என்று போங்கள் (போன் தமிழில் இருந்தால் பேக்கப்புக்குப் பதில் காப்புப் பிரதி என்று இருக்கும்). ஃபோல்டர் பட்டியல் வரும். ஸ்கிரீன்ஷாட்ஸுக்கு எதிரே உள்ள சுவிட்சை அணையுங்கள். அப்படியே வாட்ஸ்ஆப் இமேஜஸ், டவுன்லோட் இரண்டையும் ஒரு பார்வை பாருங்கள். பல பேருக்கு இடத்தைத் தின்பது ஸ்கிரீன்ஷாட்டை விட அவைதான்.

மூன்று விஷயம் கவனம்:

சுவிட்சை அணைப்பது இனி வருவதற்கு மட்டும். ஏறியது ஏறியதுதான், தானாக இறங்காது.

இந்த அமைப்பு போனுக்குப் போன் தனி. போன் மாற்றினாலோ ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போட்டாலோ திரும்பப் போய்ப் பார்த்தாக வேண்டும். போனில் புது ஃபோல்டர் ஒன்று முளைத்தால், இதையும் பேக்கப் செய்யவா என்று ஆப் கேட்கும். அவசரத்தில் சரி என்று தட்டிவிட்டு, பிறகு எப்படிப் போனது என்று தேடுபவர்கள் நிறைய.

கடைசியாக, மறைத்துவிடும் என்று எங்கோ படித்துவிட்டு அந்த ஃபோல்டருக்குள் புள்ளி நோமீடியா (.nomedia, இந்த ஃபோல்டரின் படங்களைக் காட்டாதே என்று ஆப்களுக்குச் சொல்லும் வெற்றுக் கோப்பு) கோப்பை வைக்காதீர்கள். பேக்கப் நிற்பது உண்மை. ஆனால் கேலரியிலும் அந்தப் படங்கள் தெரியாமல் போகும். வாட்ஸ்ஆப்பில் அனுப்பலாம் என்று தேடினால் அங்கும் இருக்காது.

கொடிமுல்லை:

ஐபோன் பக்கம் நான் சொல்கிறேன். அங்கே கதை வேறு, ஏனென்றால் போட்டோஸ் ஆப்புக்குள் படங்களைப் பிரித்து வைக்கும் ஃபோல்டர் கிடையாது. ஸ்கிரீன்ஷாட்ஸ் என்று ஓர் ஆல்பம் தெரிகிறதே என்றால், அது வெறும் வடிகட்டி. ஐகிளவுட் போட்டோஸைப் போட்டால் நூலகம் மொத்தமும் ஏறும், இதை மட்டும் விடு என்று சொல்ல இடமில்லை. ஐபோனில் ஓடும் கூகுள் போட்டோஸிலும் ஆண்ட்ராய்டில் இருக்கிற அந்த ஃபோல்டர் சுவிட்ச் பட்டியலைத் தேட வேண்டாம்.

மிஞ்சுவது இரண்டு வழி. ஒன்று, ஸ்கிரீன்ஷாட்டை நூலகத்துக்குள்ளேயே விடாமல் இருப்பது. எடுத்ததும் மூலையில் வரும் சிறு படத்தைத் தொட்டு, முடித்துவிட்டேன் என்று கொடுக்கும் இடத்தில் ஃபைல்ஸில் சேமி என்று தேர்ந்தெடுத்தால் போட்டோஸுக்குள் போகாது. ஐஓஎஸ் 16 முதல் அங்கேயே காப்பி செய்துவிட்டு அழி என்ற தேர்வும் உண்டு. யாருக்காவது அனுப்ப மட்டும் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு அதுதான் சரி. அனுப்பும் இடத்தில் ஒட்டினால் போதும், குப்பை சேராது. சிறு படத்தைத் தொடாமல் விட்டால் சில நொடிகளில் அது தானாக நூலகத்துக்குள் போய்விடும்.

இரண்டு, மாதம் ஒருமுறை ஷார்ட்கட்ஸ் ஆப்பை (பல படிகளை வரிசையாகத் தானே செய்யும் ஆப்பிளின் ஆப்) வைத்து வாரிவிடுவது. புது ஷார்ட்கட்டில் முதல் படி, படங்களைத் தேடு. நிபந்தனைகள்: ஸ்கிரீன்ஷாட்டாக இருக்க வேண்டும், எடுத்த தேதி கடைசி 30 நாளுக்குள் இருக்கக் கூடாது, ஃபேவரிட் ஆக இருக்கக் கூடாது. இரண்டாம் படி, கோப்பாகச் சேமி. எங்கே சேமிக்க என்று ஒவ்வொரு முறையும் கேட்பதை அணைத்துவிட்டு ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள். மூன்றாம் படி, படங்களை அழி. மூன்றாம் படியை முதல் தடவையே போட்டுவிடாதீர்கள். தேடலுக்கு 10 என்று வரம்பு வைத்து இரண்டு படியை மட்டும் ஓட்டி, ஃபைல்ஸில் படம் திறக்கிறதா என்று பார்த்த பிறகு சேருங்கள். மொத்தமாக அழிக்கும்போது ஷார்ட்கட்ஸ் மறுத்தால் செட்டிங்ஸில் ஷார்ட்கட்ஸ் பகுதியில் நிறைய தரவை அழிக்க அனுமதி என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது.

இங்கே அழித்தால் அதே கணக்கில் உள்ள ஐபேட், மேக் எல்லாவற்றிலும் அழியும். 30 நாள் வரை சமீபத்தில் அழித்தவை பகுதியில் கிடக்கும். ஐகிளவுடின் இலவச அளவு 5 ஜிபிதான், ஐபோன் ஸ்கிரீன்ஷாட் வழக்கமாக பிஎன்ஜி வடிவம், தரம் குறைக்காமல் சேமிப்பதால் இடம் பிடிக்கும். அதனால் இந்தச் சுத்தம் செய்யும் வேலையை அங்கே இன்னும் அடிக்கடி செய்ய வேண்டிவரும்.

நான்மாடம்:

இவ்வளவு தலைவலி எதற்கு? கூகுள் போட்டோஸிலேயே ஸ்கிரீன்ஷாட்டையும் ஆவணப் படங்களையும் 30 நாள் கழித்துத் தானாக ஆர்க்கைவுக்கு அனுப்பும் வசதி 2023 கடைசியில் வந்ததே. அதைப் போட்டுவிட்டால் முதல் பக்கம் சுத்தம்.

பழையஃப்ளாப்பி:

நான்மாடம், முதல் பக்கம் சுத்தமாகும், 15 ஜிபி சுத்தமாகாது. ஆர்க்கைவில் இருப்பதும் இடத்தைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். தேடினால் வரும், ஆல்பத்திலும் தெரியும். ஓடிபியும் வங்கிப் பக்கமும் மேலே ஏறியதும் ஏறியபடியே.  கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் போதும் என்பவர்களுக்கு நீங்கள் சொன்னது நல்ல வழி. கேட்டவருக்கு இடமும் வேண்டும்.

வெண்தாழை, இரண்டாவது கேள்வி. அதுதான் ஆபத்தானது. பேக்கப் ஆன படத்தைப் போட்டோஸ் ஆப்பில் அழித்தால் கிளவுடிலும் போனிலும் சேர்ந்து போகும். வெப்பில் போய் அழித்தாலும், ஆப் அடுத்து சிங்க் ஆகும்போது போனில் உள்ளதையும் அழிக்கவா என்று கேட்கும். ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்.

முதலில் சுவிட்சை அணையுங்கள். அடுத்து போனின் ஃபைல் மேனேஜரில் ஸ்கிரீன்ஷாட்ஸ் ஃபோல்டரை அழுத்திப் பிடித்து கம்ப்ரஸ் கொடுத்து ஒரே ஜிப் கோப்பாக ஆக்குங்கள். ஜிப்புக்குள் இருப்பது போட்டோஸ் ஆப்புக்குப் படமாகத் தெரியாது, அதனால் தொடாது. அந்த ஜிப்பைக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுங்கள். அங்கே திறந்து எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். போன் ஃபோல்டரில் 4,120 என்றால் ஜிப்பிலும் 4,120 இருக்க வேண்டும். இடம் போதாமல் ஜிப் பாதியில் நின்றுபோவது சகஜம். ஜிப் ஆகும்போது கிட்டத்தட்ட ஃபோல்டர் அளவுக்கு இன்னொரு மடங்கு காலி இடம் வேண்டும், ஏனென்றால் படக் கோப்புகள் ஏற்கெனவே சுருங்கியவை, ஜிப் அவற்றை மேலும் குறைக்காது.

பிறகு கம்ப்யூட்டர் பிரவுசரில் போட்டோஸைத் திறந்து ஸ்கிரீன்ஷாட்ஸ் என்று தேடுங்கள். முதல் படத்தில் டிக் அடித்து, கீழே உருட்டி, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு கடைசிப் படத்தைச் சொடுக்கினால் நடுவில் உள்ளதெல்லாம் தேர்வாகும். நாலாயிரத்தையும் ஒரே மூச்சில் எடுக்காமல் நானூறு ஐந்நூறாக எடுங்கள். இந்தத் தேடலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். கணினித் திரையைக் கேமராவில் எடுத்த படம், வெள்ளைத் தாளில் இருக்கும் கடிதத்தின் படம் இரண்டும் உள்ளே நுழைந்திருக்கும். பேக்கப் ஆன படம் 60 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும், அதற்குள் தவறைத் திருத்திக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்து போனில் சிங்க் ஆன பிறகு ஜிப்பை விரித்தால் ஸ்கிரீன்ஷாட்டுகள் திரும்ப வந்துவிடும். சுவிட்ச் அணைந்திருப்பதால் மறுபடி ஏறாது.

இரும்புப்பெட்டி:

மூன்றாவதற்கு நான். எல்லா ஸ்கிரீன்ஷாட்டையும் இன்னொரு கிளவுடுக்கு ஏற்றினால் குப்பையை இடம் மாற்றியதாகத்தான் ஆகும். இரண்டு அடுக்காக வையுங்கள்.

வைத்துக்கொள்ள வேண்டியதைக் கையால் தேர்ந்தெடுத்து, ஷேர் கொடுத்து கூகுள் டிரைவில் ரசீதுகள் என்ற ஃபோல்டரில் போடுங்கள். அதே 15 ஜிபி கணக்கில்தான் போகும், ஆனால் எண்ணிக்கை குறைவு, படப்பட்டியலில் வராது.

தானாக நடக்க வேண்டும் என்றால் ஆண்ட்ராய்டில் ஃபோல்டர்சிங்க் ஆப், போன் ஃபோல்டரைக் கிளவுட் ஃபோல்டரோடு இணைப்பது. ஸ்கிரீன்ஷாட்ஸ் ஃபோல்டரை இடப்பக்கம், டிரைவ் ஃபோல்டரை வலப்பக்கம் வைத்து, ஒருவழி, போனிலிருந்து கிளவுடுக்கு மட்டும் என்று அமையுங்கள். அழித்ததையும் சிங்க் செய் என்ற தேர்வு அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் போனில் துடைத்த அன்றே டிரைவிலும் துடைத்துவிடும். நெக்ஸ்ட்கிளவுட் (சொந்த சர்வரில் ஓட்டக்கூடிய கிளவுட் மென்பொருள்) வைத்திருந்தால் ஆட்டோ அப்லோடில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனி இலக்கு கொடுக்கலாம். வருடம், மாதம் என்று உள் ஃபோல்டரும் அதுவே போடும்.

சொந்த சர்வர் உள்ளவர்களுக்கு இம்மிச் என்ற படப் பேக்கப் மென்பொருள் நல்ல தீர்வு, ஐபோனுக்கும் சேர்த்து. அதன் பேக்கப் பட்டியலில் ஓர் ஆல்பத்தை ஒரு தட்டு தட்டினால் சேரும், இரண்டு தட்டு தட்டினால் விலக்கப்படும். எல்லாப் படமும் இருக்கும் ரீசன்ட்ஸ் ஆல்பத்தைச் சேர்த்து ஸ்கிரீன்ஷாட்ஸை விலக்கினால் முடிந்தது. ஐகிளவுடில் இல்லாத அந்த வடிகட்டல் இங்கே இருக்கிறது.

கடவுச்சொல் மீட்புக் குறியீடு, அடையாள அட்டை ஸ்கிரீன்ஷாட் எதுவும் இந்த ஃபோல்டர் எதிலும் வேண்டாம். பாஸ்வேர்ட் மேனேஜரில் குறிப்பாக இருக்கட்டும்.

வெண்தாழை:

நன்றி. சுவிட்ச் அணைத்தாகிவிட்டது, ஜிப் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஆனாலும் இன்று எடுத்தவற்றில் இரண்டு மேலே ஏறியிருக்கின்றன. ஒன்று வெட்டிச் சேமித்தது, ஒன்று ஸ்கிரீன் ரெக்கார்டிங். ஏன்?

பழையஃப்ளாப்பி:

வேறொரு எடிட்டிங் ஆப்பில் வெட்டிச் சேமித்தால் அந்த ஆப் தன் பெயரில் புது ஃபோல்டர் உண்டாக்கி அதில் போடும். அந்த ஃபோல்டரின் சுவிட்ச் எரிந்துகொண்டிருக்கும். படத்தைத் திறந்து மேலே இழுத்தால் கீழே விவரத்தில் கோப்பின் பாதை தெரியும். அதில் இருக்கும் ஃபோல்டரைப் பட்டியலில் தேடி அணையுங்கள். கேலரியிலேயே வெட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ரெக்கார்டிங்குக்கும் தனி ஃபோல்டர் உண்டு, ஸ்கிரீன்ஷாட்ஸ் சுவிட்ச் அதைக் கட்டுப்படுத்தாது. வீடியோ என்பதால் முதலில் அணைக்க வேண்டியதே அதுதான்.

இன்னொன்று. போனில் வேறு சிங்க் ஆப் ஏதாவது ஓடுகிறதா? டிசிஐஎம் முழுவதையும் கொடுத்திருந்தால் சாம்சங்கில் ஸ்கிரீன்ஷாட்டும் அதற்குள்ளேயே இருப்பதால் கூடவே போகும். டிசிஐஎம்முக்கு உள்ளே கேமராவை மட்டும் காட்டுங்கள்.

அளவு பற்றி: 1080க்கு 2400 திரையில் 25,92,000 பிக்சல். ஒரு பிக்சலுக்கு 3 பைட் என்றால் சுருக்காமல் 7.8 எம்பி. சாட் பக்கம் மாதிரி ஒரே நிறம் பரவிய திரையை பிஎன்ஜி சில நூறு கேபியில் அடக்கிவிடும். வீடியோவை நிறுத்தி எடுத்த ஸ்கிரீன்ஷாட் அப்படிச் சுருங்காது, பல எம்பி வரும். சாம்சங்கில் அட்வான்ஸ்ட் ஃபீச்சர்ஸ் பகுதியில் ஸ்கிரீன்ஷாட் வடிவத்தை ஜேபிஜியாக வைத்தால் அதுவும் குறையும்.

கொடிமுல்லை:

கூகுள் டேக்அவுட்டில் (கூகுளில் உள்ள நம் தரவை மொத்தமாக இறக்கும் வசதி) ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பவர்கள் கம்ப்யூட்டரிலேயே பிரிக்கலாம். டேக்அவுட் வருட வாரியாகவும் ஆல்பம் வாரியாகவும்தான் ஃபோல்டர் தரும், போனில் இருந்த ஃபோல்டர் அங்கே தெரியாது. ஆனால் ஒவ்வொரு படத்துடனும் வரும் ஜேசான் கோப்பை (படத்தின் விவரம் எழுதிய சிறு உரைக் கோப்பு) திறந்து பாருங்கள். போனிலிருந்து ஏறிய பல படங்களில் லோக்கல் ஃபோல்டர் நேம் என்ற வரியில் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்றே எழுதியிருக்கும்.

அந்த வரி இல்லாவிட்டால் எக்ஸிஃப் தகவலை, அதாவது படக் கோப்புக்குள்ளேயே கேமரா எழுதி வைக்கும் விவரத்தைப் பார்க்கலாம். கேமரா படத்தில் தயாரிப்பாளர், மாடல், குவியத் தூரம் இருக்கும், ஸ்கிரீன்ஷாட்டில் இருக்காது. ஆனால் இது மட்டும் போதாது, வாட்ஸ்ஆப்பில் வந்த படங்களிலும் அவை உதிர்ந்துபோயிருக்கும். கூடவே அளவையும் நிபந்தனையாக வையுங்கள்: உங்கள் திரையின் அளவு அச்சு அசலாக, 1080க்கு 2400 என்றால் அதே. கேமரா படம் 4000க்கு 3000 போல 4:3-இல் இருக்கும், மாட்டாது. நீளமாக உருட்டி எடுத்த ஸ்கிரீன்ஷாட்டின் உயரம் மட்டும் வேறுபடும், அதற்கு அகலம் 1080 என்று தேடினால் கிடைக்கும்.

வெண்தாழை:

ரெக்கார்டிங் ஃபோல்டரும் எடிட்டிங் ஆப் ஃபோல்டரும் பட்டியலில் இருந்தன, இரண்டையும் அணைத்தாயிற்று. டிசிஐஎம் முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்த பழைய சிங்க் ஒன்றும் இருந்தது. ஷார்ட்கட் 10 படத்தோடு ஓடியது, ஃபைல்ஸில் திறக்கிறது.