மூவெடுப்பா, ஓரெடுப்பா? பெருங்குடல் புற்றுநோய்ச் சோதனைக்கு ஒரு பெயர்

அன்பின் குழுவினர்க்கு,

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத குருதி இருக்கிறதா என்று பார்க்கும் புதிய சோதனைக்கு நம் கையேட்டில் என்ன பெயர் போடுவது என்பதுதான் கேள்வி.

"மல நோயெதிர்ப்பு வேதிச் சோதனை" என்று அண்ணா முன்வைத்த சொல்லில் பிழையில்லை. ஆனால் நம் கையேடு ஆய்வுகூடத்துக்கல்ல. வீட்டில் குச்சியும் கையுமாக நிற்பவர் கேட்பது ஒன்றுதான்: எத்தனை நாள் எடுக்க வேணும்?

பழைய சோதனையான குவையாக் அட்டைக்கு (குருதி பட்டால் நீலமாகும் அட்டை) மூன்று தடவை மலம், தடவைக்கு இரண்டு இடமாக ஆறு பூச்சு. மலச்சிக்கல்காரருக்கு அது ஒரு கிழமையையும் தாண்டும். மாட்டிறைச்சிக் குருதிக்கும் அட்டை நீலமாகும். விற்றமின் சி கூடினால் உள்ள குருதியும் தெரியாது. புதிய முறை மனிதக் குருதியிலுள்ள குளோபின் புரதத்தை மட்டும் பிறபொருளெதிரியால் பிடிக்கிறது. பத்தியம் இல்லை, ஒருதரம் எடுத்தால் சரி. இங்கிலாந்தில் முன்னோட்டமாகக் கொடுத்தபோது செய்து அனுப்பியோர் 59 வீதத்திலிருந்து 66 வீதமானார்கள். 2019 இல் அங்கே முழுதாக மாற்றிவிட்டார்கள். ஆகவே பெயரிலேயே எண்ணிக்கை தெரியட்டும்.

"மும்மலச் சோதனை" வேண்டவே வேண்டாம். கோணேசர் கோயிலடியில் சொன்னால், ஆணவம் கன்மம் மாயைக்கும் லாப் திறந்தாச்சோ என்பார்கள். "ஒருமாதிரிச் சோதனை"யும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. "ஒருமுறைச் சோதனை" சிரிப்புக்குரியதல்ல, ஆபத்து: ஆயுளுக்கு ஒருக்கா செய்தால் போதும் என்று எடுத்துக்கொள்வார்கள். கட்டியிலிருந்து குருதி விட்டுவிட்டுத்தான் கசியும். அதனால்தான் இங்கிலாந்தில் இரண்டு வருடத்துக்கொருதரம் திரும்பவும் அனுப்புகிறார்கள்.

என் முன்மொழிவு: பழையதற்கு மூவெடுப்பு மலக்குருதிச் சோதனை, புதியதற்கு ஓரெடுப்பு மலக்குருதிச் சோதனை. கண்ணுக்குத் தெரியாத குருதியைக் குறிக்கும் "மறைகுருதி" டொக்டரின் கடிதத்தில் இருக்கட்டும்.

எடுத்ததிலிருந்து ஆய்வுகூடம் சேரும்வரையான காலத்துக்கும் சொல் தேவை. கச்சான் காற்று (வெக்கையான தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மலம் எடுத்த குப்பி வெக்கையில் கிடந்தால் ஈமோகுளோபின் சிதைந்து, குருதி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். "சேர்ப்புக் கெடு" எப்படி?

— திருகோணமலையிலிருந்து

மறுமொழி:

ஓரெடுப்பு நல்லது அக்கா, வாயில் நிற்கிறது. "கெடு" என்றால் எங்கட ஆக்களுக்கு அடகுக்கடைதான் ஞாபகம் வரும். "சேர்க்கும் நாள்" என்று நேராகவே போடலாம். இன்னொன்று, தலைப்பில் மலம் இருக்கட்டும். செய்முறைப் பக்கத்தில் "வெளிக்குப் போகும்போது" என்றே எழுதுங்கோ. என் அம்மா அந்தப் பக்கத்தைத்தான் வாசிப்பா.