கட்டே நோய் விழுந்த ஏலக்காய்ச் செடியில் காய் எடுக்கலாமா? வௌவால் பற்றியும் ஒரு கேள்வி

ஏலமலைக்காரன்:
எங்கள் தோட்டம் வண்டன்மேடு பக்கம். கீழ்ப்பகுதியில் ஏலச்செடிக்குக் கட்டே என்ற வைரஸ் நோய் விழுந்துவிட்டது, குருத்திலையில் நடுநரம்பிலிருந்து ஓரம் வரை வெளிர்க்கோடு ஓடுகிறது. வேலியோரம் கொய்யா நிற்பதால் ராத்திரி வௌவாலும் வருகிறது. கம்பத்திலிருந்து ஜீப்பில் வேலைக்கு வரும் அக்காமார் வௌவாலிடமிருந்து மனுசனுக்கு வரும் நிபா வைரஸ் பற்றிய செய்தி பார்த்த நாளிலிருந்து பயத்தில் இருக்கிறார்கள். இதுவும் வைரஸ்தானே, இந்தச் செடியில் காய் எடுத்தால் எங்களுக்கு வராதா என்கிறார்கள். அப்புறம், மனுசனைக் கொல்லும் கிருமி வௌவாலை மட்டும் ஏன் விட்டுவைக்கிறது?

போடி விவசாயி:
தாராளமாகக் காய் எடுக்கலாம் அண்ணே. செடியின் செல்லுக்குக் கெட்டியான சுவர் உண்டு, கட்டே வைரஸ் தானாக அதைத் தாண்ட முடியாது, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஊசிவாயால் குத்தினால்தான் உள்ளே போகும். போனபின் செல்லுக்குச் செல் இருக்கும் நுண்துளை வழியாகப் பரவும். நம் செல்லில் அதற்கேற்ற வழியே கிடையாது. மிளகாயைத் தாக்கும் ஒரு தேமல் வைரஸ் நம் மலத்தில் ஏராளமாக இருக்கிறது, தண்ணீரில் கழிவு கலந்திருக்கிறதா என்று பார்க்கவே அதைத் தேடுகிறார்கள். தின்றவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தூரைக் கிழங்கோடு தோண்டி அழித்துவிடுங்கள், மருந்தே கிடையாது. அசுவினி கொஞ்ச நேரம் குத்தினாலே போதும் என்பதால் மருந்தடித்தும் பரவலை நிறுத்த முடியாது. விதையில் வராது, கிழங்கில் வரும், அதனால் அந்தப் பாத்தியிலிருந்து கன்று எடுக்காதீர்கள்.

கோழிக்கோடு லேப்:
வௌவால் கேள்விக்கு நான் சொல்கிறேன். நிபா செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் எஃப்ரின் என்ற புரதம் நம் ரத்தக்குழாய் உட்சுவரிலும் மூளை நரம்பிலும் இருக்கிறது, மூளைக்காய்ச்சல் வருவது அதனால்தான். கிட்டத்தட்ட அதே புரதம் பழந்தின்னி வௌவாலிலும் உண்டு. ஆக நுழையும் வழி இரண்டு பேருக்கும் ஒன்றே, நுழைந்தபின் உடம்பு எப்படி எதிர்க்கிறது என்பதில்தான் வித்தியாசம். வௌவால் இனங்களில் அழற்சி அடங்கியே இருக்கிறது, வைரஸைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு தன் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் வாழ்கின்றன. நம் உடம்புக்கு அந்தப் பழக்கம் இல்லை. 2018-ல் கோழிக்கோடு, மலப்புறம் பகுதியில் 17 உயிர் போனது, பெரும்பாலானோருக்கு ஆஸ்பத்திரியில் நோயாளியிடமிருந்து தொற்றியது, வௌவாலிடமிருந்து நேராக வந்ததில்லை. அந்த அக்காமாரிடம் இதையும் சொல்லுங்கள், வௌவால் பறந்தாலே நிபா வந்துவிடாது. கடித்த பழத்தைத் தின்னக் கூடாது, முழுப் பழத்தைக் கழுவித் தோல் சீவித் தின்னலாம், விழுந்த பழத்தை அள்ளும்போது கையுறை போடட்டும்.

கால்நடை டாக்டர், குமுளி:
பன்றி வளர்க்கிறீர்களா சார்? இந்தப் பக்கம் நிறையப் பேர் வளர்ப்பதால் கேட்கிறேன். மலேசியாவில் 1998-99-ல் நிபா முதலில் பன்றிக்கு வந்து, அதன்மூலம் பண்ணைக்காரர்களுக்குத் தொற்றி நூறு பேருக்குமேல் இறந்தார்கள். பண்ணையோரப் பழமரங்களுக்கு வௌவால் வந்து போனதில் தொடங்கியது அது. வௌவால் கடித்துப்போட்ட கொய்யாவைப் பன்றிக்குப் போடாதீர்கள்.

ஏலமலைக்காரன்:
பன்றி இல்லை சார், நான்கு ஆடு இருக்கிறது. விழுந்த கொய்யாவை அதுகள்தான் தின்கின்றன.

கால்நடை டாக்டர், குமுளி:
அதையும் நிறுத்துங்கள். மலேசியாவில் ஆட்டுக்கும் தொற்றியிருந்தது. பழத்தைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டு, கொய்யா மரத்துக்கு வலை கட்டிவிடுங்கள்.