புதுப்பிப்பு: ஸ்மார்ட் கார்டு ரீடர் காணாமல் போன கதை

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: ரீடரில் விளக்கு எரிகிறது, ஆனால் ஸ்மார்ட் கார்டுகளைக் கையாளும் ஓப்பன்எஸ்சி மென்பொருள் ரீடரே இல்லை என்கிறது, மறுதொடக்கம் செய்தால் சரியாகிறது, சில மணி நேரத்தில் மறுபடி அதே கதை. கார்டு போய்விட்டது என்றே முடிவுகட்டியிருந்தேன். பாவம், கார்டின் மேல் ஒரு தப்பும் இல்லை.

குற்றவாளி குனூபிஜி என்ற குறியாக்க, கையொப்ப மென்பொருள். மின்னஞ்சலுக்குக் கையொப்பம் போட்டதும் கார்டுகளைக் கவனிக்கும் அதன் துணை நிரலான ஸ்கேடீமன் (scdaemon) பின்னணியில் எழுந்து, தன் சொந்த சிசிஐடி (யுஎஸ்பி கார்டு ரீடர்களுக்கான பொதுத் தரம்) டிரைவர் வழியாக யுஎஸ்பி ரீடரைப் பிடித்துக்கொள்கிறது. ஓப்பன்எஸ்சியோ, ரீடரைப் பல நிரல்களுக்கும் பொதுவாக்கித் தரும் பிசிஎஸ்சிடி என்ற பின்னணிச் சேவை வழியாகத்தான் ரீடரிடம் போகும். ஒருவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டால் மற்றவர் வாசலில்தான்.

ஸ்கேடீமனின் அமைப்புக் கோப்பில் 'டிசேபிள்-சிசிஐடி' என்று ஒரே வரி சேர்த்து, அதை நிறுத்தி மறுபடி கிளப்பினேன். இப்போது இரண்டுமே பிசிஎஸ்சிடி வழியாகப் போகின்றன, ரீடர் மறைவதில்லை. ஆனாலும் ஸ்கேடீமன் கார்டைத் தனக்கே வைத்துக்கொள்ளப் பார்க்கிறது. கார்டைப் பகிர வைக்க 'பிசிஎஸ்சி-ஷேர்டு' என்றொரு விருப்பம் உண்டு. அது சற்று ஆபத்தானது என்று கையேடே எச்சரிக்கிறது. ஏனென்றால் கார்டு தனக்கு மட்டும்தான் என்ற நினைப்பில் ஸ்கேடீமன் சில தகவல்களை நினைவில் வைத்திருக்கும். நான் அதைத் தொடவில்லை. தேவைப்படும்போது ஸ்கேடீமனைக் கொன்றுவிடுகிறேன், அவ்வளவுதான்.

அப்புறம் ஒன்று. சோதனை அவசரத்தில் கார்டின் ரகசியப் பின் (PIN) எண்ணை இரண்டு முறை தப்பாக அடித்துவிட்டேன். கார்டு நிலையைப் பார்த்தால் '1 0 3'. முதல் எண்தான் பின் எண்ணை அடிக்க மிச்சமுள்ள வாய்ப்பு. கை நடுங்க, ஒவ்வொரு எழுத்தாகச் சரியாக அடித்ததும் அது மறுபடி 3 ஆனது.