தோட்டப்புறக் கல்லூரியில் ஆங்கிலத் துறைச் சிறப்புரையும் கழக நடவடிக்கையும்: எப்படி நடத்தினால் மாணவர் வாய் திறப்பார்கள்?

கேள்வி: பெடோங் விரிவுரையாளர்

வணக்கம். மலேசியாவின் கெடா மாநிலத்தில், பெடோங் பக்கம் ஒரு சிறிய தனியார் கல்லூரி. ஆங்கிலத் துறையில் விரிவுரையாளர்கள் நான்கு பேர், டிப்ளோமா மாணவர்கள் எழுபது பேர். பெரும்பாலோர் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் (குடியிருப்புப் பகுதிகள்) வருகிறவர்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்து, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்கள். எழுதச் சொன்னால் எழுதிவிடுவார்கள். எழுந்து நின்று ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் தலை குனிந்துவிடும்.

வரும் செமஸ்டர் 14 வாரம். துறைக்கு ஒதுக்கிய பணம் 1,500 வெள்ளி (ரிங்கிட்). இதற்குள் இரண்டு சிறப்புரையும் ஆங்கில மொழிக் கழகத்தின் நடவடிக்கைகளும் நடந்தாக வேண்டும். இப்போதைய நிலை: இரண்டு மணி நேரம் ஸ்லைடு, கடைசியில் “கேள்வி உண்டா?”, ஒரு கையும் எழாது, நினைவுப் பரிசு, குழுப்படம். கழகக் கூட்டத்துக்கு முதல் வாரம் நாற்பது பேர் வந்தால் ஆறாம் வாரம் ஆறு பேர். பேச்சாளரை எப்படித் தேர்வு செய்வது, எந்த நாளில் வைப்பது, சொற்போர் தொடங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பதில் 1: சிறப்புரை ஒருங்கிணைப்பாளர், பினாங்கு

வணக்கம் ஆசிரியர். முதலில் நாள். கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. பினாங்கில் சனி, ஞாயிறு. உங்களுக்கு ஞாயிறு வேலை நாள், பினாங்குப் பல்கலைக்கழக விரிவுரையாளருக்கு ஓய்வு நாள். வேலை நாளில் அவரைக் கூப்பிட்டால் வகுப்பை மாற்றி, துறைத் தலைவரிடம் அனுமதி வாங்கி என்று அங்கேயே பாதிப் பேர் மறுத்துவிடுவார்கள். ஞாயிறு காலை என்றால் அந்தச் சிக்கல் குறையும். ஆனால் அது அவருடைய குடும்ப நேரம் என்பதை மறக்காமல் சரியான நேரத்தில் தொடங்கி முடியுங்கள். கெடாவிலேயே இருக்கும் சின்தோக் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவருக்கும் வெள்ளி, சனிதான் விடுமுறை.

கார் ஓட்டாதவர் என்றால் பட்டர்வொர்த்தில் கொமுட்டர் ரயில் ஏறி சுங்கைப்பட்டாணியில் இறங்கச் சொல்லுங்கள். பெடோங்கில் அந்த ரயில் நிற்காது, நிலையத்தில் ஆள் காத்திருக்க வேண்டும்.

அடுத்தது தலைப்பு. “ஆங்கிலத்தின் முக்கியத்துவம்”, “இளையோரும் இலக்கியமும்” போன்ற தலைப்புகளை அடியோடு விடுங்கள். ஆங்கிலம் முக்கியம் என்று எழுபது பேருக்கும் தெரியும், அதனால்தானே அந்தத் துறையில் சேர்ந்திருக்கிறார்கள். தலைப்பு ஒரு வேலையாக இருக்கட்டும். ஒரு கவிதையின் பதினாறு வரியை எப்படி வாசிப்பது, வேலை விண்ணப்பத்தின் முதல் பத்தியை எப்படித் திருத்துவது, நீதிமன்றத்தில் ஒருவர் தமிழில் சொல்வதை அந்தக் கணமே எப்படி மொழிபெயர்ப்பது, இப்படி. பேச்சாளர் பேராசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், மருத்துவமனைத் தாதி, தோட்ட அலுவலகத்தில் மாத அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதும் கிராணி ஆகியோர் வேலையிடத்து ஆங்கிலத்தை நேராகக் காட்டக்கூடியவர்கள். நான் இரண்டில் ஒன்றைப் பல்கலைக்கழகத்துக்கும் ஒன்றை இவர்களில் ஒருவருக்கும் கொடுப்பேன்.

அழைப்புக் கடிதம் நான்கு வாரம் முன்பே போகட்டும். கூடவே ஒரே பக்கத்தில் நான்கு செய்தி: எத்தனை மாணவர், அவர்களின் ஆங்கில நிலை (பெரும்பாலும் பி1, அதாவது ஐரோப்பிய மொழித் தர அளவில் இடைநிலை என்றால் ஒளிக்காமல் அப்படியே எழுதுங்கள்), இந்த வாரங்களில் என்ன படிக்கிறார்கள், உரை முடிந்ததும் மாணவர் எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பக்கம் இல்லாததால்தான் பேச்சாளர் வேறு எங்கோ பேசிய ஸ்லைடையே கொண்டுவருகிறார். சன்மானம், பயணச் செலவு, டோல் எவ்வளவு என்பதும் கடிதத்திலேயே இருக்கட்டும். வங்கிக் கணக்கு விவரத்தையும் முன்கூட்டியே வாங்கி வைத்தால், உரை முடிந்து மூன்று மாதம் அவரைக் காக்க வைக்கும் நிலை வராது. அப்படிக் காத்தவர் மறுமுறை வரமாட்டார்.

நேரப் பங்கீடு 90 நிமிடம். உரை 35, மாணவர் இருவர் இருவராகச் செய்யும் சிறு பயிற்சி 20, கேள்வி 25, மீதி வரவேற்புக்கும் நன்றிக்கும். வரவேற்புரை மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. முதல்வர், துறைத் தலைவர், கழகத் தலைவர் என மூவர் பேசினால் அரைமணி போய்விடும், பேச்சாளர் தன் பயிற்சியைத்தான் வெட்டுவார்.

கை எழாததற்குக் காரணம் மாணவரிடம் கேள்வி இல்லாததல்ல. எழுபது பேர் முன்னால் பிழையாகப் பேசிவிடுவோமோ என்ற பயம். ஒரு வாரம் முன்பு பேச்சாளரிடமிருந்து இரண்டு பக்க வாசிப்புப் பகுதி வாங்கி வகுப்பில் படியுங்கள். ஆளுக்கு ஒரு கேள்வி அட்டையில் எழுதட்டும், நீங்கள் இலக்கணம் மட்டும் திருத்திக் கொடுங்கள். அதில் எட்டுக் கேள்வியைப் பொறுக்கி, எழுதியவரே வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். முதல் மூன்று கேள்வி அட்டையிலிருந்து வந்துவிட்டால் நான்காவது தானாக வரும். தொகுப்பாளர் “கேள்வி உண்டா?” என்று பொதுவாகக் கேட்காமல், எழுதியவரின் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும்.

உரைக்குப் பிறகு 48 மணி நேரத்துக்குள் 150 சொல்லில் ஒரு பத்தி: பேச்சாளர் சொன்ன ஒரு கருத்து, அதோடு எனக்குள்ள உடன்பாடு அல்லது மறுப்பு. நல்ல பத்தி ஐந்தை அவருக்கே அனுப்புங்கள். நினைவுப் பரிசைவிட அதை அவர் பெரிதாக மதிப்பார்.

பதில் 2: சொற்போர் பயிற்றுநர்

சொற்போர் தொடங்கலாம், ஆனால் முதல் வாரத்தில் அல்ல. ஆறாம் வாரம் ஆறு பேர் மிஞ்சுவதற்கு இந்த அவசரமும் ஒரு காரணமாக இருக்கும். நன்றாகப் பேசுகிற ஆறு பேர் மேடையில், மற்ற முப்பத்து நான்கு பேர் நாற்காலியில் என்றால் அவர்கள் எதற்காக வரவேண்டும்?

ஆசிய நாடாளுமன்ற முறை உங்களுக்குப் பொருந்தும். அணிக்கு மூவர், ஒவ்வொருவருக்கும் 7 நிமிடம், கடைசியில் அணிக்கு ஒரு 4 நிமிடத் தொகுப்புரை. மூன்று தலைப்பு கொடுப்பார்கள், இரு அணியும் கொடுக்கும் விருப்ப வரிசையை வைத்து ஒன்று முடிவாகும், அதற்கு 30 நிமிடம் தயாரிக்க வேண்டும். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் தவிர, இடையில் எதிரணியினர் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம். பிரிட்டிஷ் முறையில் இருவர் கொண்ட நான்கு அணி, தயாரிக்க 15 நிமிடம்தான். புதியவர்களுக்கு அது கடினம், இப்போதைக்கு வேண்டாம்.

ஏழு நிமிடம் பேசுவதற்கு ஏணி கட்ட வேண்டும். 1, 2ஆம் வாரம் ஒரு நிமிடப் பேச்சு, உட்கார்ந்தபடி, நான்கு பேர் குழுவுக்குள் மட்டும். ஒரு கருத்து, ஒரு காரணம், ஓர் எடுத்துக்காட்டு, அவ்வளவுதான். 3, 4ஆம் வாரம் மறுப்பு. ஒருவர் சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளும்படி திரும்பச் சொல்லிவிட்டு, பிறகுதான் மறுக்கலாம் என்று விதி வையுங்கள். இந்த ஒரு விதி, கேட்காமலே பேசும் பழக்கத்தைக் குறைக்கும். 5ஆம் வாரம் மூன்று நிமிடம், நின்றபடி. 7ஆம் வாரம் முழு ஆட்டம், ஆனால் பேச்சு 5 நிமிடம். முழு 7 நிமிடம் 10ஆம் வாரத்தில் வரட்டும்.

பேசாதவர்களுக்கும் வேலை வேண்டும். ஒருவர் அவைத் தலைவர், ஒருவர் நேரக் காப்பாளர். மற்றவர்கள் இருவர் இருவராக நீதிபதிகள். தாளை நெடுக்காக ஆறு பத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு பேச்சாளரின் கருத்தையும் அவரவர் பத்தியில் குறித்து, பதில் வந்ததா என்று அம்புக்குறி போட வேண்டும். பதில் வராத கருத்தை அந்தத் தாள் காட்டிக்கொடுத்துவிடும். முடிவு சொல்லும்போது யார் வென்றார், எந்தக் கருத்தால் வென்றார் என்று ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் கட்டாயம். பேசக் கூசுகிறவர்களை இந்த இரண்டு வாக்கியம்தான் மெல்ல மேடைக்குக் கொண்டுவரும்.

தலைப்பு தூரத்தில் இருந்தால் மனப்பாடம் வரும். “சமூக ஊடகம் நன்மையா தீமையா” என்று கொடுத்தால் இணையத்திலிருந்து எடுத்து ஒப்பிப்பார்கள். அவர்கள் வீட்டில் கேட்டு வளர்ந்த விஷயத்தைக் கொடுங்கள்: ஓய்வு பெறும் தோட்டத் தொழிலாளிக்கு வீடு தருவதை நிர்வாகத்தின் சட்டக் கடமையாக்க வேண்டும் என்று ஒரு தலைப்பு. தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. அதிலிருந்து நான்கு பிரிவை அச்செடுத்து இரு அணிக்கும் கொடுத்தால், சட்ட ஆங்கிலம் வாசிக்கும் பயிற்சியும் சேர்ந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. மூவெட் (மலேசியப் பல்கலைக்கழக நுழைவுக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதுகிறவர்கள் இருந்தால், சொற்போர் அதற்கு முழுத் தயாரிப்பு ஆகாது. அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதியில் குழுக் கலந்துரையாடல் உண்டு. அங்கே மற்றவர் கருத்தை எடுத்துக்கொண்டு வளர்க்க வேண்டும், வீழ்த்தக் கூடாது. சொற்போர் பழகியவர்கள் அங்கே போய்ச் சண்டைக்கு நிற்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூவெட் பாணிக் கலந்துரையாடலும் வையுங்கள்.

பதில் 3: மொழிபெயர்ப்பாளர்

மேலே இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஒன்று மட்டும் விடுபட்டிருக்கிறது. இந்த மாணவர்களிடம் இரண்டு மொழி, மலாயையும் சேர்த்தால் மூன்று இருக்கிறது. கழகம் அதைக் குறையாகவே நடத்துகிறது: “தமிழில் பேசினால் 20 காசு அபராதம்” என்பது போல. அபராத டப்பாவைத் தூக்கி எறியுங்கள். அது ஆங்கிலத்தை வளர்க்காது, அறையை அமைதியாக்கும், அவ்வளவே.

மாற்றாக, தோட்டத்துப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்து ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் வேலையைக் கொடுங்கள். மூவர் குழு, ஒரு பெரியவர், 20 நிமிடப் பதிவு. கைப்பேசி போதும், ஆனால் விமானப் பயண நிலையில் போட்டு, பேசுகிறவரிடமிருந்து ஒரு முழம் தூரத்தில் துண்டின் மேல் வையுங்கள். வெறும் மேசை மேல் வைத்தால் தட்டுகிற சத்தமெல்லாம் பதிவாகும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பதிவு தொடங்குமுன் எதற்காக, எங்கே போடப் போகிறோம் என்று சொல்லிச் சம்மதம் கேட்டு, அந்தச் சம்மதத்தையும் குரலில் பதிவு செய்யுங்கள். “எத்தனை மணிக்கு எழுந்திரிப்பீங்க, முதல்ல என்ன செய்வீங்க?” என்று தொடங்கினால் பேச்சு வரும். “அந்தக் கால வாழ்க்கை எப்படி?” என்று கேட்டால் “கஷ்டந்தான் பா” என்ற ஒரே பதிலோடு நின்றுவிடும்.

20 நிமிடத்தையும் எழுத்தாக்கப் போகாதீர்கள். பழக்கமில்லாதவர் 10 நிமிடப் பதிவை எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நல்ல 5 நிமிடத்தைத் தேர்ந்து, அதை மட்டும் தமிழில் சொன்னது சொன்னபடி எழுதி, பிறகு ஆங்கிலத்தில் கொண்டுவரட்டும்.

பாடம் இருப்பது சொற்களில்தான். “பெரட்டுக்குப் போனேன்” என்பதை என்ன செய்வது? அது ஆங்கிலப் பரேடு தமிழ் வாயில் திரிந்த சொல், ஆனால் பரேடு என்று திருப்பி எழுதினால் வாசகருக்குப் படை அணிவகுப்பு தெரியும். அதிகாலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது என்ற பொருள் போய்விடும். தொழிலாளரின் வரிசை வீட்டைக் குறிக்கும் லயமும் அப்படித்தான், லைன் என்ற ஆங்கிலத்திலிருந்து வந்தது என்பார்கள். வேலையாள்களை மேற்பார்க்கும் கங்காணி, தண்டல், அலுவலக எழுத்தரான கிராணி, தோட்டத்தின் தலைவரான துரை நான்கையும் மேலாளர் என்று ஒரே சொல்லில் அடக்கினால், யார் யாருக்கு அடங்கி நின்றார்கள் என்பதே மறைந்துவிடும். நான் பரிந்துரைப்பது: தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் வைத்து, முதல் முறை வரும்போது வாக்கியத்துக்குள்ளேயே ஒரு சிறு விளக்கம். அடிக்குறிப்பு வேண்டாம். ஒரு கூட்டம் முழுக்க ஒரே ஒரு சொல்லை விவாதித்தாலும் தகும். அங்கே மாணவருக்குத் தெரிந்தது விரிவுரையாளருக்கே தெரியாமல் இருக்கும், அப்போது தலை குனியாது.

இன்னொன்று, உங்கள் ஊருக்கு மட்டும் கிடைத்த வாய்ப்பு. மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே புக்கிட் பத்து பஹாட் சண்டியில் (சண்டி என்றால் பழங்காலக் கோயில்) விமானம் என்ற கருவறைப் பகுதி, மண்டபம் என்ற இரண்டு பகுதியையும் கண்ணால் காட்டலாம். மாணவர்களை ஆங்கில வழிகாட்டிகளாகப் பழக்குங்கள்: எட்டு நிறுத்தம், நிறுத்தத்துக்கு 90 வினாடி, குறிப்புத் தாள் இல்லாமல். கருவறையும் முன்மண்டபமும் நம் பிள்ளைகள் கோயிலில் நாள்தோறும் பார்ப்பது. வெளிநாட்டவருக்கு அதை விளக்கும் தகுதி அவர்களுக்கு உண்டு. ராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்தின் (இன்றைய கெடா) மேல் படையெடுத்தது பற்றிச் சொல்லலாம், ஆனால் அந்தச் சண்டியைச் சோழன் கட்டினான் என்று சேர்த்துவிடக் கூடாது. வழிகாட்டி உரையில் எதை உறுதியாகச் சொல்வது, எதை “கருதப்படுகிறது” என்று சொல்வது என்ற ஆங்கில நடைப் பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

பெடோங் விரிவுரையாளர்

மூவருக்கும் மிக்க நன்றி. ஞாயிறு யோசனையும் அட்டைக் கேள்வியும் உடனே செய்யக்கூடியவை. 1,500 வெள்ளியை எப்படிப் பிரிப்பது? எங்கள் மண்டபத்துக்குத் துத்தநாகக் கூரை, மழை வந்தால் எதுவும் கேட்காது. தோட்டத்துப் பிள்ளைகள் மாலை நான்கரை வேனைப் பிடிக்க வேண்டும்.

பதில் 4: சிறப்புரை ஒருங்கிணைப்பாளர், பினாங்கு

வேன் நாலரைக்கு என்றால் கழகக் கூட்டம் இரண்டு முதல் மூன்றேகால் வரை, அதற்குமேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். வேனைத் தவறவிடுவோமோ என்று கடிகாரத்தைப் பார்க்கிறவர் பேசமாட்டார், அடுத்த வாரம் வரவும் மாட்டார்.

மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் இடித்துக்கொண்டு வரும். ஆகவே சிறப்புரை காலை 9.30க்கு. நோன்பு மாதம் குறுக்கே வந்தால் சிற்றுண்டியை விட்டுவிட்டு 11 மணிக்குள் முடியுங்கள்.

பணம் இப்படி வைக்கலாம். சிறப்புரை ஒன்றுக்குச் சன்மானமும் பயணமும் சேர்த்து 350 வெள்ளி, இரண்டுக்கு 700. மீகூன் (அரிசிச் சேமியா) பொட்டலமும் தண்ணீரும் ஆளுக்கு 4 வெள்ளி, எழுபது பேருக்கு 280, அதுவும் ஒரு சிறப்புரைக்கு மட்டும். சைவப் பொட்டலம் எத்தனை என்று முதலிலேயே எண்ணிச் சொல்லிவிடுங்கள். மெர்போக் பயணத்துக்கு வேன் வாடகை 250, ஒரே வேனில் ஏறுகிற அளவு ஆள்களோடு. அச்சு, அட்டை 120. மீதி 150ஐத் தொடாமல் வையுங்கள். பேனருக்குப் பணம் ஒதுக்காதீர்கள், தேதி போடாத ஒரு துணிப் பதாகை இருந்தால் ஐந்து ஆண்டுக்கு ஓடும்.

முந்தின நாள் மண்டபத்தில் இதைப் பாருங்கள்: பேச்சாளரின் மடிக்கணினிக்குப் பொருந்தும் இணைப்பான் இருக்கிறதா, மைக்குக்குப் புது பேட்டரி நான்கு இருக்கிறதா, கடைசி வரிசையில் உட்கார்ந்து ஸ்லைடின் எழுத்தை வாசிக்க முடிகிறதா. ஸ்லைடுகளை அவரிடமிருந்து புலனத்தில் (வாட்ஸ்அப்) முதல் நாளே வாங்கிக் கல்லூரிக் கணினியில் ஏற்றிவிடுங்கள். மழை வந்தே விட்டால் மைக் ஒலியைக் கூட்டாதீர்கள், இரைச்சல்தான் கூடும். அந்த நேரத்தில் இருவர் இருவராகச் செய்யும் பயிற்சியைக் கொடுத்துவிட்டு, மழை விட்டதும் உரையைத் தொடரச் சொல்லுங்கள். இதைப் பேச்சாளரிடம் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.